பேர் வெட்டு

தோட்டத்திற் பிறந்தவர்களுக்குப் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தாய் தந்தையர் இட்டு அழைப்பது ஒரு பேர். காலையிற் பிரட்டுக் களத்தில் பதிவாகி, மாலையிற் கொழுந்து நிறுத்தபின் உறுதியாவது மற்றொரு பேர். “இன்றைக்குப் பேர் உண்டா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டால், இன்றைய கூலி உண்டா என்பதே அதன் பொருள். அரைப்பேர் என்றால் அரை நாட்கூலி. “அவனுக்குப் பேர் வெட்டிவிட்டார்கள்” என்று லயத்தில் ஒரு செய்தி பரவினால், அன்றிரவு அந்தக் காம்பிராவில் அடுப்பு எரிவது ஐயமே. மடுல்சீமையின் லயக் காம்பிரா ஒன்றிற் பிறந்து வளர்ந்த எனக்கு, பிழைப்பும் பேரும் ஒன்றே என்னும் பாடம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னரே தெரிந்துவிட்டது.

நாட்கூலிக்காரருக்கு மட்டுமன்றி, கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றில் வாதாடுகிற சட்டத்தரணிக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதிலும் ஒரு பேர் உண்டு. தவறு செய்தால் அந்தப் பேரும் வெட்டப்படும். இச்செய்தியை நம்மவருட் பலர் அறியார். இப்பகுதியைத் தொடர்ந்து வாசித்துவரும் மாணவர் சிலர், சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை குறித்து எழுதுமாறு கேட்டிருந்தனர். அதனைப் பிறிதொரு வாரத்துக்கு ஒத்திவைத்து, சட்டத்தரணியான பின்னர் ஒருவர் எவ்வாறு நடக்கவேண்டும், நடக்காவிடின் என்ன நேரும் என்பதை முதலிற் சொல்லிவிட விரும்புகிறேன். அதற்குக் காரணமும் உண்டு.

மார்கழி மழை ஓயாது பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. விடுமுறைக்காக மடுல்சீமைக்குச் சென்றிருந்தேன். பசறைப் பாதையை முழுவதும் பனி மூடியிருந்தது. தலையிற் சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. நாலாண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் லொறியொன்று மோதி இறந்துபோனார். நட்டஈடு கோரி வழக்குப் போடவேண்டும், யாரிடம் போவது என்று அப்போது அவர் என்னிடந்தான் கேட்டார். நானும் ஒரு சட்டத்தரணியின் பெயரைச் சொல்லி, கடிதமும் கொடுத்து அனுப்பினேன். அச்சட்டத்தரணி என்னிடம் உயர்தர வகுப்பிற் படித்தவர். தோட்டத்துப் பிள்ளை. அவர் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட நாளில் எங்கள் பாடசாலையிற் பாற்சோறு பொங்கினோம்.

“மாஸ்டர், வழக்கு முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சாம். எனக்குத் தெரியாது” என்றார் அம்மையார்.

பையைப் பிரித்தார். உள்ளே பஸ் சீட்டுகள், சட்டத்தரணியின் எழுதுவினைஞர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த திகதிகள், நாலைந்து பற்றுச்சீட்டுகள். வழக்கு சமரசமாக முடிந்து, காப்புறுதிக் கம்பனி கொடுத்த ஏழு இலட்சத்துச் சொச்சம் ரூபாவும் சட்டத்தரணியின் கைக்கு வந்துசேர்ந்திருக்கிறது. அதன் பின்னரும் ஓராண்டு காலம் அம்மையார் திகதி தவறாது நகருக்குப் போய்வந்திருக்கிறார். போன ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பேர் போயிற்று. “இன்னும் திகதி போட்டிருக்கு” என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை. நீதிமன்றத்து ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டு, அந்த இலக்கத்தில் வழக்கே இப்போது இல்லை என்று சொன்ன பிறகுதான் உண்மை வெளியாயிற்று.

“இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா மாஸ்டர்?” என்று கேட்டார்.

சட்டத்தரணியின் ஊரையும் பெயரையும் நான் கூறப்போவதில்லை. அவை இக்கட்டுரைக்கு வேண்டியனவும் அல்ல. அம்மையாரின் கேள்விக்குரிய விடையே வேண்டியது. அதனைத் தேடிச் சில நாட்கள் நூல்களைப் புரட்டினேன். தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்நாட்டு வழக்கறிஞர் இரு வகையினராய் இருந்தனர். நீதிமன்றில் எழுந்து நின்று வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்களைத் தயாரிப்பவர் பிறக்கிராசி. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இவ்விரு பிரிவையும் ஒன்றாக்கிற்று. 1974 ஆம் ஆண்டு முதலாக எல்லாரும் சட்டத்தரணிகளே. அதே ஆண்டில் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் உருவாயிற்று. பெயர்கள் மாறினவேயன்றி, அவர்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இருக்கும் இடம் மாறவில்லை. அன்றும் இன்றும் அது உயர் நீதிமன்றத்திடமே உள்ளது. தமிழ்நாட்டார் உச்ச நீதிமன்றம் என்று கூறுவதையே நாம் உயர் நீதிமன்றம் என்கிறோம் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

ஒருவரைச் சட்டத்தரணியாக ஏற்றுப் பட்டியலிற் சேர்ப்பதும் அந்நீதிமன்றமே. அப்பட்டியலிலிருந்து நீக்குவதும் அந்நீதிமன்றமே. 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம், தவறு ஆகியவற்றுள் எதனையேனும் செய்த சட்டத்தரணியை, உயர் நீதிமன்ற நீதியரசர் மூவர் ஒன்றாக அமர்ந்து, தொழில் செய்வதிலிருந்து இடைநிறுத்தலாம். அல்லது பதவியிலிருந்து அறவே நீக்கலாம். வஞ்சகம், முறைகேடு, குற்றம், தவறு என்னும் இந்நான்கு சொற்களும் புதியன அல்ல. 1889 ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் கட்டளைச் சட்டத்திலேயே இருந்தவை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் நாட்டுச் சட்டத்தரணிகளின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும் வாள் இது.

இவற்றுள் ‘முறைகேடு’ என்பது யாது? திருட்டு, மோசடி என்றால் எவருக்கும் விளங்கும். வழக்கைக் கவனியாது விடுவதும், கட்சிக்காரரிடம் உண்மையை மறைப்பதும் முறைகேடாகுமா? 1988 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் சட்டத்தரணிகளின் நடத்தைக்கென விதிகளை வகுத்தது. கட்சிக்காரரின் அலுவலைத் திறமையோடும் கவனத்தோடும் செய்யவேண்டும், அவர் நம்பிச் சொன்னதை வெளியிடலாகாது என்றெல்லாம் விரித்துக்கொண்டுபோய், 60 ஆம் விதியில் ஒரு பொது அளவுகோலை நிறுத்தியது. நன்மதிப்பும் தகைமையும் உடைய சட்டத்தரணிகள் எதனை இழிவானதென்றும் கண்ணியமற்றதென்றும் நியாயமாகக் கருதுவரோ, அதனைச் சட்டத்தரணி ஒருவர் செய்யலாகாது என்பது அதன் சாரம். சட்டத்தரணிக்குத் தகாத எந்த நடத்தையும் ஆகாது என்று 61 ஆம் விதி முடிக்கிறது.

இவ்வளவுகோல் முதலில் வைத்தியர் ஒருவருக்காக உண்டானது என்றால் வாசகர் வியப்படைவர். 1892 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலின்சன் என்னும் வைத்தியர், ஏனைய வைத்தியர்களையும் அவர்களுடைய மருந்துகளையும் இகழ்ந்து பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார் என்பதற்காக வைத்தியர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டார். தவிட்டோடு கூடிய கோதுமை ரொட்டியை உண்ணுமாறு ஊரெங்கும் உபதேசித்தவர் அவர். அவர் பெயரால் அந்நாட்டில் இன்றும் ரொட்டி விற்கப்படுகிறது. அவ்வழக்கில், ஒரு தொழிலுக்கு எது இழிவு என்பதை அத்தொழிலின் நல்லோரே அறிவர் என்று நீதிபதிகள் கொண்டனர். வைத்தியருக்குச் சொன்னது வழக்கறிஞருக்கும் பொருந்தும் எனப் பின்னர் ஏற்கப்பட்டு, நம் நாட்டு விதியாகவும் ஆயிற்று. கொழுந்து நன்றா, முற்றலா என்பதைக் கொழுந்து பறித்த கையே அறியும் என்று நம் கங்காணிமார் சொல்வதும் இதுபோன்றதே.

இனி, குற்றஞ்சாட்டுவது எவ்வாறு? சட்டத்தரணியால் இடர்ப்பட்டவர், நடந்தவற்றைச் சத்தியக் கடதாசியாக எழுதி, ஆதாரங்களையும் இணைத்து உயர் நீதிமன்றத்துக்கு முறையிடலாம். சட்டத்தரணிகள் சங்கத்திடமும் முறையிடலாம். முறைப்பாட்டில் பொருள் உண்டெனக் கண்டால் ஒழுக்காற்று விசாரணை நடைபெறும். ஆயின், குற்றச்சாட்டு இன்னது என்று எழுத்தில் அறிவித்து, ‘உம்மை ஏன் நீக்கலாகாது என்பதற்குக் காரணம் காட்டுக’ என்று கேட்ட பின்னரே எவரையும் இடைநிறுத்தவோ நீக்கவோ முடியும்.

இதனைச் சிலர் வீண் தாமதம் என்பர். அவர்களுக்கு நான் மதுரையை நினைவூட்டுவேன். பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, மறுபக்கத்தை வினவாது கோவலனுக்குக் கொலைத்தண்டம் விதித்த பாண்டியனுக்கு என்ன நேர்ந்தது? தான் பிழைபட்டான் என்று அறிந்த கணமே அரியணையில் உயிர் நீத்தான். நம் நாட்டுத் தோட்டங்களிலும் அக்கொடுமை நெடுநாள் நடந்தது. துரை முகஞ்சுளித்தால் பத்துச்சீட்டு. மறுநாள் மூட்டை முடிச்சோடு வேறு மலைக்கு நடக்கவேண்டியதே. 1957 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குத் திருத்தச் சட்டத்தினால் தொழில் நியாயசபைகள் உண்டான பின்னரே, “என்ன குற்றத்துக்காக என் பேரை வெட்டினீர்?” என்று கேட்கும் உரிமை ஒரு தனித் தொழிலாளிக்குக் கிட்டிற்று. கவ்வாத்துக் கத்தி பிடிப்பவருக்கு அவ்வுரிமை வேண்டும் என்று போராடிய நாம், கறுப்பு அங்கி அணிபவருக்கு அது வேண்டாம் என்று சொல்லலாகாது.

அடுத்து ஒரு கேள்வி. குற்றவாளி என்று கண்டால் குற்றவியல் நீதிமன்றம் தண்டிக்கிறது; பணத்தைத் திருப்பித் தருமாறு மாவட்ட நீதிமன்றம் கட்டளையிடுகிறது. பட்டியலினின்றும் பெயரை நீக்குவது எதற்கு? இதற்கு 1778 ஆம் ஆண்டிலேயே மான்ஸ்பீல்டு பிரபு என்னும் ஆங்கில நீதிபதி விடை கூறிவிட்டார். பிரவுன்சல் என்னும் வழக்கறிஞர் ஒரே ஒரு பொற்காசு திருடியவர். அதற்காகக் கையிற் சூடு போடப்பட்டுச் சிறையும் இருந்து வந்தார். தண்டனை முடிந்துவிட்டதே, மறுபடியும் தண்டிப்பதா என்று அவர் சார்பில் வாதிக்கப்பட்டது. இஃது இரண்டாவது தண்டனை அன்று. ஐயத்துக்கு இடமற்றதாய் இருக்கவேண்டிய ஒரு தொழிலில் இவர் தொடர்ந்து இருக்கத் தகுந்தவரா என்பதே கேள்வி என்று கூறி, நீதிபதிகள் அவர் பெயரை நீக்கினர். 1993 ஆம் ஆண்டில் பிங்ஹாம் என்னும் நீதிபதியும் இதே கருத்தை விரித்துரைத்தார். ஒழுக்காற்று நடவடிக்கை தவறியவரைப் பழிவாங்குவதற்கு ஏற்பட்டதன்று. வழக்கறிஞர் ஒருவரிடம் பணத்தையும் குடும்பத்தையும் ஒப்படைத்துவிட்டு மக்கள் அச்சமின்றி உறங்கவேண்டும் என்பதற்கே ஏற்பட்டது என்பது அவர் தீர்ப்பின் கருத்து.

இவ்வதிகாரம் யாரிடம் இருக்கவேண்டும் என்பதில் நாடுகள் ஒன்றுபடவில்லை. நம் நாட்டில் நீதிமன்றத்திடம் உள்ளது. இந்தியாவிலோ 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் அதனை வழக்கறிஞர்களே தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சிலிடம் கொடுத்தது. கண்டித்தல், இடைநிறுத்தல், பட்டியலினின்றும் நீக்கல் என்னும் மூன்று படிகளை அச்சட்டத்தின் 35 ஆம் பிரிவு வகுத்துள்ளது. 1994 ஆம் ஆண்டில், அகில இந்திய பார் கவுன்சிலுக்கே தலைவராய் இருந்த வி. சி. மிஸ்ரா, அலகாபாத் உயர் நீதிமன்றில் நீதிபதி ஒருவரை வசை மொழிந்தார். ஒழுக்கத்தைக் காக்கவேண்டியவரே அதனை மீறினால் யார் தண்டிப்பது? மறு ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவரை நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டித்து, மூன்றாண்டுகளுக்கு வழக்காடவும் தடை விதித்தது. ஆனால் 1998 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம், அவமதிப்பு வழக்கிலேயே ஒருவரின் தொழில் உரிமையைப் பறிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, அது பார் கவுன்சிலின் வேலை என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டது. மிக உயர்ந்த இடத்தில் இருப்போரும் தம் எல்லை இதுவென்று ஒப்புக்கொள்வது பெருமைக்குரியதன்றோ!

சென்னையிலும் இதுபோன்ற பிணக்கு ஒன்று எழுந்தது. நீதிபதிகளை மிரட்டுதல், நீதிமன்ற வளாகத்தில் ஊர்வலம் போதல், மது அருந்திவிட்டு நீதிமன்றுக்கு வருதல் முதலியவற்றைச் செய்யும் வழக்கறிஞரைத் தானே தடைசெய்யலாம் என்று 2016 ஆம் ஆண்டு மே மாதத்திற் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளைத் திருத்தியது. தமிழ்நாடெங்கும் வழக்கறிஞர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஒழுங்கீனத்தைப் பொறுக்கமுடியாது என்று நீதிமன்றமும், நீதிபதியை எதிர்த்து வாதாடினால் அவரே எம் பேரை வெட்டலாமா என்று வழக்கறிஞரும் கேட்டனர். இரு பக்கத்தும் நியாயம் உண்டு. 2019 ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தங்களைத் தள்ளுபடி செய்தது. வாதாடுபவர் அஞ்சி வாதாடினால் இழப்பு அவருக்கன்று. அவரை நம்பி நிற்கும் ஏழைக்கே என்பது வழக்கறிஞர் தரப்பின் உள்ளீடு. அதே வேளையில், தம்முள் ஒருவரைத் தாமே தண்டிக்கும் மனவுறுதி சங்கங்களுக்கு இல்லையாயின் அந்த உரிமைக்குப் பொருள் இல்லாது போகும் என்பதையும் மறத்தலாகாது.

இன்னொன்று. பட்டியலினின்றும் பெயர் நீக்கப்பட்டவர் எல்லாரும் இழிந்தவர் அல்லர். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாரை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. 1908 ஆம் ஆண்டில் இராசத் துரோகக் குற்றஞ்சாட்டி, இரட்டை ஆயுட் தண்டனை விதித்துச் சிறையில் இட்டனர். கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து செக்கிழுத்தார். தண்டனை பின்னர் குறைக்கப்பட்டு 1912 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியே வந்தபோது, அவருடைய கப்பற் கம்பனியும் இல்லை. வக்கீற் சன்னதும் இல்லை. குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர் வழக்காடலாகாது என்ற விதி, நாட்டுக்காகச் சிறை சென்றவரையும் விட்டுவைக்கவில்லை. குடும்பத்தைக் காக்க அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஆண்டுகள் கழிந்தபின், வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி முயன்று அவருக்குச் சன்னதை மீட்டுக்கொடுத்தார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்த கை, ஆங்கிலேயர் ஒருவர் பெயரைத் தமிழாக்கித் தன் பிள்ளைக்குச் சூட்டியது. காந்தியடிகளின் பெயரையும் லண்டன் இன்னர் டெம்பிள் 1922 ஆம் ஆண்டில் நீக்கிற்று. மீண்டும் சேர்த்தது 1988 ஆம் ஆண்டில், அவர் மறைந்து நாற்பதாண்டு ஆன பின்னர்.

இவ்விரண்டும் நமக்குக் கற்பிப்பது யாது? கத்தரி எவர் கையில் இருந்தாலும், எதற்காக வெட்டுகிறோம் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் இருக்கவேண்டும். வெட்டிய பேரை மீண்டும் எழுதுவதற்கும் ஒரு வழி திறந்திருக்கவேண்டும். நம் நீதிமன்ற மரபிலும், நீக்கப்பட்ட ஒருவர் பல்லாண்டு கழித்துத் தாம் திருந்தியமையை நாட்டி மீண்டும் விண்ணப்பிக்க இடமுண்டு.

நிற்க. அம்மையாரின் கதைக்கு மீள்வோம்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் நான் உடனே சத்தியக் கடதாசி எழுத உட்காரவில்லை. மாணவன் மேல் ஆசிரியனுக்கு உள்ள பாசம் சட்டநூலுக்குத் தெரியாது. முதலில் அவரையே பார்க்கச் சென்றேன். என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். “சேர், வாங்க” என்றார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். உட்காரவில்லை, நெடுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கடன், தாயாரின் நோய், பிறகு கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கிழமையிற் பாதிப் பணமும், மூன்று மாதத்தில் மீதியும் அம்மையார் கையிற் சேர்ந்தன.

“விடுங்க மாஸ்டர், காசு வந்திருச்சு. அந்தப் பிள்ளைக்கும் பிள்ளைகுட்டி இருக்கு” என்றார் அம்மையார்.

நானும் அன்று நிம்மதியாய் வீடு திரும்பினேன் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். அந்த நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை. மான்ஸ்பீல்டு பிரபுவின் தீர்ப்பை மறுபடியும் வாசித்தபோது மனம் உறுத்தியது. திருப்பிக் கொடுத்த பணம் கடனைத் தீர்க்கும். ஓராண்டு சொன்ன பொய்யைத் தீர்க்குமா? அம்மையாருக்கு ஒரு மாஸ்டரைத் தெரிந்திருந்தது. மாஸ்டருக்கு அந்தச் சட்டத்தரணியைத் தெரிந்திருந்தது. யாரையும் தெரியாத இன்னொரு பெண், இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு திகதிக்காக அதே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தால்? நான் செய்தது அம்மையாருக்கு உதவியா, அல்லது என் மாணவனுக்கும் என் பெயருக்கும் செய்துகொண்ட உதவியா? அவரிடம் அனுப்பி வைத்தவன் நானல்லவா? முறைப்பாடு போனால் என் கடிதமும் உடன் போகும் என்ற கூச்சம் எனக்கு இருக்கவில்லை என்று என்னாற் சத்தியம் செய்யமுடியாது.

அடுத்த முறை மடுல்சீமைக்குப் போனபோது இதனை அம்மையாரிடமே சொன்னேன். பணம் வந்த பிறகு முறையிடுவது பழி தீர்ப்பதாகாது. இனி வருபவர்களுக்காகச் செய்வது. விரும்பாவிட்டால் விட்டுவிடலாம், நான் வற்புறுத்தமாட்டேன் என்றேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தார்.

“அப்போ அனுப்புங்க மாஸ்டர். ஆனா காசைத் திருப்பிக் கொடுத்திட்டாருன்னும் அதிலேயே எழுதுங்க. அதை விட்டுட்டா நாமளும் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்” என்றார்.

சட்டம் படித்தவர் பலர் பல பக்கங்களில் எழுதிய நீதியை, எழுத்து அறியாத அம்மையார் நின்ற நிலையிற் சொல்லிவிட்டார். வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பொருளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நடத்திவருகிறேன். அன்று தேயிலை மலையில் நின்று நான் மாணவனானேன்.

சத்தியக் கடதாசியை அவர் சொன்னபடியே எழுதினோம். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்டார். நான் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தின் செய்தியும் அதில் இருக்கிறது. முறைப்பாடு போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அச்சட்டத்தரணிக்குக் குற்றச்சாட்டு அறிவிக்கப்படுமா, அவர் என்ன காரணம் காட்டுவார், நீதியரசர்கள் என்ன முடிவுக்கு வருவர் என்பவையெல்லாம் அவர்களுடைய அலுவல். அவர் தரப்பும் முழுவதும் கேட்கப்படவேண்டும் என்பதே என் பிரார்த்தனை. தெருவிற் கண்டால் இப்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை. அது எனக்கு வருத்தமே. நாற்காலியை விட்டு எழுந்து நின்ற அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்முன் நிற்கிறது.

குடும்பத் தலைவர்களும் தலைவியரும் சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். சட்டத்தரணியிடம் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்; கேட்பது அவமரியாதை அன்று. வழக்கிலக்கத்தை உங்கள் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அந்த இலக்கம் இருந்தால் வழக்கு எந்நிலையில் உள்ளது என்பதை நீதிமன்ற அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள். விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தை வாசித்துப் பொருள் சொல்லச் செய்து பின்னர் ஒப்பமிடுங்கள். கூலிக்கு வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவர்களுக்கென 1978 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அதன் நிலையங்கள் நாட்டின் பல நகரங்களிலும் இருக்கின்றன. நேர்மையான சட்டத்தரணிகள் நம்மிடையே ஏராளம். காசு வாங்காமலே தோட்டத்து மக்களுக்காக நாட்கணக்கில் வாதாடியவர்களை நான் அறிவேன். அவர்கள் பெயர் கெடாதிருக்கவேனும் இவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் படிக்க விரும்பும் மாணவருக்கு ஒரு சொல். நுழைவுப் பரீட்சை பற்றி அடுத்த வாரங்களில் ஒன்றிற் கட்டாயம் எழுதுவேன். அதற்கு முன் உங்கள் பாட்டியோ தாயோ மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது, “இன்றைக்குப் பேர் விழுந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். பேர் என்றால் என்ன விலை என்பதை அவர் சொல்வார். நாளை உங்கள் பேரும் ஒரு பட்டியலில் ஏறும்போது அந்த விலை நினைவில் இருக்கட்டும்.